ரிச்சி தெருவில் கேமிங் பிசி: மூணு வார லீவில் வருகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வருகிறவர்களிடம் முன்பெல்லாம் லேப்டாப் கேட்பார்கள். இப்போது அக்கா பையன், "மாமா, கேமிங் பிசி ஒண்ணு போட்டுக் கொடுங்க" என்கிறான். பட்டியலைக்கூட அவனே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துவிடுகிறான். சிங்கப்பூர் சிம் லிம் ஸ்கொயரில் வாங்கிப் பழகியவர்களுக்கும் சென்னையின் கணினிக் கடைத்தெருவான ரிச்சி தெரு கொஞ்சம் வேறு மாதிரிதான். வேலை சுத்தமாக நடக்கிறது, விலையும் பேசலாம். ஆனால் மூணு வாரத்தில் நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், மெஷின் மட்டும் ஊரில் இருக்கும். எந்தப் பாகம் வாங்கினாலும் இதை நினைவில் வைத்து வாங்க வேண்டும்.

விமான நிலையத்திலிருந்து நீல வழித்தட மெட்ரோவில் ஏறினால் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். காரில் போனால் வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே அரை நாள் போகும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை. வார நாளில் காலை 11 மணி வாக்கில் போனால் கடைப் பையன்கள் நின்று பதில் சொல்வார்கள். சாயங்காலம் கூட்டம் ஏறிவிட்டால் கொட்டேஷன் வாங்குவதே பெரிய காரியம்.

கொட்டேஷனில்தான் முதல் சிக்கல். "பி550 போர்டு, 16 ஜிபி ராம், 550 வாட் எஸ்எம்பிஎஸ்" என்று எழுதித் தருவார்கள். போர்டு என்பது எல்லாப் பாகமும் மாட்டும் மதர்போர்டு, ராம் என்பது தற்காலிக நினைவகம், எஸ்எம்பிஎஸ் என்பது கரண்ட் தரும் பவர் சப்ளை. இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கம்பெனி பெயர், முழு மாடல் பெயர், ஒவ்வொன்றுக்கும் வாரன்டி எத்தனை வருடம் என எழுதி வாங்கினால்தான் இரண்டு கடை விலையை ஒப்பிட முடியும். சொல்லும் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். கணினிப் பாகங்களுக்கு 18 சதவீதம். 50,000 என்று பேசி முடித்தது பில் போடும்போது 59,000 ஆகும். அப்போது "பில் வேண்டாம்னா அதே விலைக்கே தர்றேன் சார்" என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். பில்லும் அதில் சீரியல் நம்பரும் இல்லாவிட்டால் கிராஃபிக்ஸ் கார்டுக்கு வாரன்டி கேட்கும்போது சிக்கல் வரலாம். பில் உங்கள் பெயரிலும் வேண்டாம். ஊரில் மெஷினோடு இருக்கப் போகிறவர் பெயரிலும் அவருடைய போன் நம்பரிலும் இருக்கட்டும்.

வெளிநாட்டு கார்டு தேய்த்தால் 2 சதவீதம் கூடுதல் என்பது இங்கே எழுதப்படாத சட்டம். யூபிஐ இருந்தால் நல்லது. ஆனால் வந்து இறங்கிய அன்று புதிதாகப் போட்ட யூபிஐ கணக்கில் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப விடாது. முந்தின நாளே போட்டு வையுங்கள்.

இனி பாகங்கள். சிக்கனமான பட்ஜெட்டில் 1080பி (ஃபுல் எச்டி) விளையாட்டுக்கு இன்றைக்கும் ஏஎம்டி ரைசன் பிராசஸர்களின் முந்தைய தலைமுறை ஏஎம்4 போர்டும், ராமில் முந்தைய தலைமுறையான டிடிஆர்4-ம் போதும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை இரட்டிப்பையும் தாண்டி ஏறியதில் டிடிஆர்5 பக்கம் போனால் கிராஃபிக்ஸ் கார்டுக்கு வைத்த காசை ராம் தின்றுவிடுகிறது. விலை வாராவாரம் மாறுவதால் ரூபாய்க் கணக்கு சொல்லிப் பயனில்லை. பங்குக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள்: மானிட்டர் நீங்கலாக மொத்தக் காசில் 35 முதல் 40 சதவீதம் கிராஃபிக்ஸ் கார்டுக்கு. கடைக்காரர் கண்ணாடிக் கேபினட், ஆறு கலர் ஃபேன், லிக்விட் கூலர் என்று போட்டுக் காட்டினால் கார்டின் பங்கு 25 சதவீதத்துக்கு இறங்கிவிடும். லைட் எரிவதற்கும் கேம் ஓடுவதற்கும் சம்பந்தமில்லை.

பிராசஸரில் கவனிக்க வேண்டியது ஒரே ஓர் எண். ரைசன் 5 5600 கேட்டால், "ஸ்டாக் இல்லண்ணே, 5500 போட்டுக்குங்க, ரெண்டும் ஆறு கோர்தான்" என்பார்கள். ஆறு கோர் என்பது உண்மை. ஆனால் 5600-ல் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) 32 எம்பி, 5500-ல் 16 எம்பி. கார்டும் பிராசஸரும் தகவல் பரிமாறும் பாதையான பிசிஐஇ 5600-ல் 4.0, 5500-ல் அதில் பாதி வேகமுள்ள 3.0. இது எங்கே உதைக்கும் என்றால், ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற பட்ஜெட் கார்டுகள் எல்லாம் அந்தப் பாதையின் 16 லேனில் (தடத்தில்) 8 மட்டுமே பயன்படுத்துகிறவை. 3.0-ல் மாட்டினால் பாதை பாதியாகிவிடும். கார்டின் 8 ஜிபி மெமரி நிரம்பாத வரை பெரிதாகத் தெரியாது. நிரம்பியதும் கேம் திக்கித் திக்கி ஓடும். 4 லேன் மட்டுமே உள்ள ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியை 5500-வோடு சேர்த்துப் போட்டால் பாடு இன்னும் மோசம். 5600ஜி என்பதும் 5600-இன் தம்பி அல்ல. அதற்கும் 16 எம்பி கேஷ், பிசிஐஇ 3.0 தான்.

இதே பெயர் விளையாட்டு கார்டிலும் உண்டு. ஆர்டிஎக்ஸ் 3050 இரண்டு வகை: 8 ஜிபி கார்டின் மெமரிப் பாதை அகலம் 128 பிட், 130 வாட், 6 ஜிபி கார்டு 96 பிட், 70 வாட். மெமரி மட்டும் குறைவு என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் தனி பவர் கேபிள் இல்லாமல் ஓட வேண்டும் என்றால் மட்டும் 6 ஜிபிக்கு நியாயம் இருக்கிறது.

மதர்போர்டில் பி550 எடுத்தால் போதும். ஏ520 சிப்செட்டில் பிசிஐஇ 4.0 கிடையாது, 5600-இன் 4.0 பாதை பலனில்லாமல் போகும். பழைய பி450 ஸ்டாக்கைத் தள்ளிவிடப் பார்த்தால், பயாஸ் (மெஷினை எழுப்பும் போர்டு மென்பொருள்) பழசாக இருந்து 5600-ஐ அடையாளம் தெரியாமல் திரையே வராமல் நிற்கலாம். கடையில் அப்டேட் செய்து தருவார்கள் என்றாலும், பிசிஐஇ 4.0 அதிலும் கிடையாது.

ராம் 16 ஜிபி என்றால் எட்டு எட்டாக இரண்டு குச்சி. "பின்னாடி இன்னொண்ணு போட்டுக்கலாம்" என்று ஒரே 16 ஜிபி குச்சியைத் தருவது வழக்கம். ஒற்றைக் குச்சி என்றால் சிங்கிள் சேனல், அதாவது ராமுக்கு ஒரே பாதை; அதில் ரைசன் நன்றாகவே பின்தங்கும். நாலு ஸ்லாட் போர்டில் பிராசஸர் பக்கமிருந்து இரண்டாவதிலும் நாலாவதிலும் மாட்ட வேண்டும். பயாஸில் எக்ஸ்எம்பி (ராமை முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போடாமல் விட்டால் 3200 ராம் 2133-லோ 2666-லோ படுத்திருக்கும். அசெம்பிள் செய்து வந்த பல மெஷின்கள் வருடக்கணக்கில் இப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன.

கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடுத்து தைரியமாகச் செலவழிக்க வேண்டியது எஸ்எம்பிஎஸ்ஸுக்கு. 80 பிளஸ் ப்ரோன்ஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான வெண்கலத் தரச்) சான்றுள்ள, பெயர் தெரிந்த கம்பெனி 550 வாட் வாங்கினால் 5600 - ஆர்எக்ஸ் 6600 ஜோடிக்குத் தாராளம். அந்தக் கார்டு 132 வாட், பிராசஸர் 65 வாட் வகை. கேபினட்டோடு இலவசமாக வரும் "450 வாட்" டப்பாவைக் கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும், காற்றுதான் இருக்கும். அமெரிக்காவிலிருந்து பழைய எஸ்எம்பிஎஸ் கொண்டுவருகிறவர்கள் பின்பக்கம் சிவப்பு ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். 115-ல் இருக்கும்போது நம்ம ஊர் 230 வோல்ட்டில் செருகினால் ஒரே சத்தம், ஒரே புகை, கதை முடிந்தது.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரலாம் என்றால் கீபோர்டு, மவுஸ், ஹெட்செட், வைஃபை அடாப்டர். கிராஃபிக்ஸ் கார்டு அங்கே மலிவாகத்தான் இருக்கும். ஆனால் பெரும்பாலான கம்பெனிகளின் இந்திய வாரன்டி இங்கே இறக்குமதி செய்த விநியோகஸ்தர் வழியாகத்தான். வெளிநாட்டு சீரியல் நம்பரை அவர்கள் ஏற்பதில்லை. போதாததற்கு சுங்கத்திலும் பதில் சொல்ல வேண்டும்.

அசெம்பிள் செய்யும் பையன்களின் கை வேகம் பார்க்க வேண்டிய ஒன்று. கேபிளைப் பின்பக்கம் இழுத்து ஜிப் டை போட்டு ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். மொத்தமாக ஒரே கடையில் வாங்கினால் கூலி பெரும்பாலும் அதிலேயே அடக்கம், ஆனாலும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள், யாரும் தவறாக நினைப்பதில்லை. பெட்டிகள் உங்கள் முன்னால்தான் உடைக்கப்பட வேண்டும். தனிக் கூலர் வாங்கியிருந்தால் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உரிக்கப்பட்டதா என்று பார்த்துவிடுங்கள், அவசரத்தில் மறப்பது இதைத்தான்.

மெஷின் ஆன் ஆனதும் காசை நீட்டிவிடாமல் இன்னும் ஒரு மணி நேரம் கேளுங்கள். இலவச மென்பொருள்கள் மூன்று போதும். சிபியு-இசட்டில் பிராசஸர் பெயரும் டூயல் சேனலும் (இரண்டு குச்சியும் சேர்ந்து ஓடுவது). ஜிபியு-இசட்டில் கார்டின் பெயர், மெமரி, 128 பிட். போலிக் கார்டாக இருந்தால் பெயருக்கு முன்னாலேயே அது போலி என்று காட்டிவிடும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் எஸ்எஸ்டி ஓடிய நேரம் ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும், 4,000 மணி நேரம் என்றால் அது யாரோ கழற்றிக் கொடுத்தது. பிறகு கார்டையும் பிராசஸரையும் 20 நிமிடம் முழு பாரத்தில் ஓட்டி வெப்பம் பாருங்கள். இங்கே ஒரு கணக்கு மறக்கக் கூடாது. கடையில் ஏசி 25 டிகிரி. மே மாதம் வீட்டு அறை 36 டிகிரி. அந்த 11 டிகிரி அப்படியே மேலே ஏறும். 5600-க்குக் கம்பெனி சொல்லும் உச்சம் 90. கடையில் 82 காட்டினால் வீட்டில் உச்சத்தைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முன்பக்கம் கண்ணாடி மூடிய கேபினட் வேண்டாம், வலை வைத்தது வாங்குங்கள் என்பது இதற்காகத்தான். பின்பக்கம் காலியாக இருக்கும் பிசிஐ துளைகளையும் தகட்டால் மூடச் சொல்லுங்கள். ஊர்ப்பக்க வீடுகளில் பல்லி உள்ளே போய் ஷார்ட் ஆவது வேடிக்கைப் பேச்சல்ல.

விண்டோஸை மட்டும் கடையில் போட விடாதீர்கள். பென்டிரைவிலிருந்து கிராக் செய்ததைப் போட்டு, ஆன்டிவைரஸை அணைத்துத் தருவார்கள். லெகசி எனும் பழைய முறையில் போட்டிருந்தால் இன்னொரு தலைவலி: விண்டோஸ் 11-ல் வாலரன்ட் விளையாட செக்யூர் பூட், டிபிஎம் 2.0 என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் கட்டாயம். பையன் கேமைத் திறந்ததும் எரர் காட்டும், நீங்கள் அப்போது துபாயில் இருப்பீர்கள். 8 ஜிபி பென்டிரைவில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி யூஇஎஃப்ஐ எனும் புதிய முறையில் வீட்டிலேயே போடுங்கள்.

மதுரைக்கோ நெல்லைக்கோ கொண்டு போவதானால் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே வைத்துக் கையோடு எடுத்துப் போவது உத்தமம். கழற்ற வழியில்லை என்றால் கேபினட்டைப் படுக்க வையுங்கள், மதர்போர்டு அடியில் இருக்க, கார்டு அதன்மேல் நிமிர்ந்து நிற்கும்படி. கார்டின் எடை அப்போது ஸ்லாட்டை ஒடிக்காது.

வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது எர்த். கேபினட்டில் கை வைத்தால் சுர்ரென்று இழுக்கிறது என்று கடைக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்கிறவர்கள் ஏராளம். கோளாறு மெஷினில் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டரில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்கு ஒவ்வொரு கெபாசிட்டர் உண்டு. சுவரில் எர்த் வயர் இல்லாவிட்டால் கேபினட் தகடு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டு 115 வோல்ட் அளவில் நிற்கும். கரண்ட் மிகக் கொஞ்சம் என்பதால் ஆளுக்கு ஆபத்து அநேகமாக இல்லை. ஆனால் அதே நிலையில் எச்டிஎம்ஐ கேபிளை டிவியில் செருகினால் போர்ட் போய்விடலாம். பழைய வீடுகளில் மூணாவது துளை இருக்கும், பின்னால் வயர் இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் பல்பு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வழக்கம்போல் பளிச்சென்று எரிய வேண்டும். ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருந்து அது ட்ரிப் ஆனாலும் எர்த் இருக்கிறது என்றே அர்த்தம்.

அடுத்தது கரண்ட் கட். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் அது சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். ஸ்கொயர் வேவ் வகை நல்ல எஸ்எம்பிஎஸ்ஸோடு ஒத்துப்போகாது, ரீங்காரமிடும் அல்லது அணைந்துவிடும். இன்வெர்ட்டரின் பின்பக்க ஸ்விட்சை யூபிஎஸ் பக்கம் தள்ளி வையுங்கள். அப்படி வைத்தால்தான் கரண்ட் போகும்போது மாறும் நேரம் எஸ்எம்பிஎஸ் தாங்கும் 16 மில்லி செகண்டுக்குள் இருக்கும். தனி யூபிஎஸ் என்றால் வழக்கமான 600 விஏ கிட்டத்தட்ட 360 வாட்தான், விளையாடும்போது நெருக்கடி. 1 கேவிஏ எடுத்துவிடுங்கள்.

மானிட்டரில் இரண்டே தவறுகள்தான் திரும்பத் திரும்ப நடக்கின்றன. கிராஃபிக்ஸ் கார்டில் செருக வேண்டிய கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டு டிஸ்ப்ளே வரவில்லை என்பது ஒன்று. 165 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 165 முறை படம் மாற்றும்) மானிட்டரை விண்டோஸில் 60-லேயே விட்டு வைப்பது மற்றொன்று.

கிளம்பும் முன் பில், பெட்டிகள், சீரியல் நம்பர் படங்கள் எல்லாம் வீட்டில் ஓரிடத்தில். கிராஃபிக்ஸ் கார்டுப் பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடப் போகிறார்கள், அக்காவிடம் அழுத்திச் சொல்லுங்கள். கார்டு பழுதாகி வாரன்டிக்குப் போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை 5600 மெஷினில் திரையே வராது, ஏனென்றால் அந்தப் பிராசஸரில் உள்ளடங்கிய கிராஃபிக்ஸ் இல்லை. விளையாட்டுக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. பையனுக்கு ஆன்லைன் வகுப்பும் இதில்தான் என்றால் மேலே சொன்ன பட்டியலை மாற்றிக்கொள்ளலாம்: இன்டெல் ஐ5 12400, டிடிஆர்4 பி660 அல்லது பி760 போர்டு. 12400எஃப் அல்ல, எஃப் இல்லாதது. விலை கொஞ்சம் கூடும், ஆனால் கார்டு சர்வீஸுக்குப் போன நாட்களிலும் கேபிளை மதர்போர்டில் செருகிப் பாடத்தை ஓட்டிவிடலாம்.