பரமேஸ்வராச் சந்தித் தேத்தண்ணிக் கடை: ரெனிஸ் பார்ப்பவர்களுக்கும் சாப்பாடு இறங்காதவர்களுக்கும்

யாழ்ப்பாணத்தில் ரெனிஸ் பார்க்க எங்கே போகலாம் என்று யாராவது கேட்டால் நான் ஒரே ஒரு இடத்தைத்தான் சொல்வேன். திருநெல்வேலியில் பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்ட, பலாலி வீதியில் இருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கை ஒன்றில், வேப்பமரத்துக்குக் கீழே இருக்கிற தேத்தண்ணிக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. நீலத் தகரக் கதவு, உள்ளே ஆறு மேசை, சுவரில் ஒரு ரிவி, அவ்வளவுதான். கம்பஸ் பிள்ளைகள் யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். அதன் மட்டன் றோல்ஸைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், அது நல்ல றோல்ஸ்தான், ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல.

எனக்கு இந்தக் கடை பழக்கமானது அக்காவால். அக்காவுக்கு ஷோக்ரன் நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிருமியைத் தாக்குவதை விட்டுவிட்டுக் கண்ணீரும் உமிழ்நீரும் சுரக்கிற சுரப்பிகளையே தாக்கும் வருத்தம் இது. கண்ணுக்குள் மணல் விழுந்தது போல இருக்கும், வாய் வறண்டு சோறு இறங்காது, மூட்டு நோகும், எல்லாவற்றையும் விடப் பெரிது களைப்பு, எட்டு மணித்தியாலம் நித்திரை கொண்டு எழும்பினாலும் போகாத களைப்பு. இது வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, அதனால் சொந்தக்காரர்களே அக்காவைப் பஞ்சி பிடித்தவள் என்றார்கள். அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. நான்காவது பாடத்துக்கு மேல் குரல் வராமல் போகும், சோக்குத் தூசி கண்ணை எரிக்கும், அதற்கும் ஒரு பேச்சு வாங்குவாள்.

வருத்தத்தின் பெயரைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வருடம் பிடித்தது. ஒருவர் கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதினார், இன்னொருவர் தைரொயிட் என்றார், இன்னுமொருவர் மனச்சோர்வு என்றார். கடைசியில் ஒரு வைத்தியர்தான் இரத்தம் சோதித்து, கீழுதட்டின் உள்பக்கத்தில் சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, இதுதான் என்று உறுதியாகச் சொன்னார். அது 2014. அன்று இரவு போனில் தேடினால் முதலில் வந்து நின்ற பெயர் அமெரிக்க ரெனிஸ் வீராங்கனை வீனஸ் வில்லியம்ஸ்.

வீனஸை எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், விம்பிள்டனை ஐந்து தரம் தனியாட்டத்தில் வென்றவரை யாருக்குத் தெரியாது. அவருடைய வருத்தம்தான் தெரியாமல் இருந்தது. 2011 ஜனவரியில் மெல்பேர்னில் அவுஸ்திரேலிய ஓபனில் இடுப்புப் பக்கம் தசை பிடித்துப் பெட்கோவிச்சுடனான ஆட்டத்தைப் பாதியில் விட்டார், பிறகு ஐந்து மாதம் ஆடவில்லை. ஜூனில் திரும்பி வந்து விம்பிள்டனில் நான்காவது சுற்றோடு போனார். ஓகஸ்ட் கடைசியில் நியூயோர்க்கில் யூ.எஸ். ஓபனில் முதல் சுற்றை வென்றுவிட்டு, இரண்டாவது சுற்றில் லிசிக்கியுடன் ஆட இருந்த அன்று விலகிக்கொண்டார். அப்போதுதான் தனக்கு ஷோக்ரன் நோய் என்று உலகத்துக்குச் சொன்னார். அவருக்கு வயது 31, எல்லோரும் முடிந்தது என்றார்கள். மறுவருடம் மார்ச்சில் மயாமியில் திரும்ப ஆட வந்தபோது தரவரிசையில் நூறுக்கு வெளியே இருந்தார், அந்த நிலையிலேயே அப்போதைய விம்பிள்டன் சம்பியன் குவிட்டோவாவை மூன்று செற்றில் வென்றார், கடைசிச் செற் 6-0. அந்த ஓகஸ்டில் லண்டன் ஒலிம்பிக்கில் தங்கையோடு சேர்ந்து இரட்டையர் தங்கம். இதையெல்லாம் அக்கா அந்த இரவே வாசித்து முடித்தாள். வாசித்துவிட்டு, “இனி இவ ஆடுறது ஒண்டும் நான் விடமாட்டன்” என்றாள்.

சொல்லிவிட்டாள், பார்ப்பது எங்கே? எங்கள் வீட்டில் அப்போது விளையாட்டுச் சனல் இல்லை. நகரில் ரிவி வைத்திருக்கிற கடைகள் நிறைய உண்டு, எல்லாவற்றிலும் கிரிக்கெட் ஓடும், இல்லாவிட்டால் இந்தியத் தொடர் நாடகம். நான்கு கடையில் கேட்டேன், ஒருவரும் மாற்றவில்லை. ஐந்தாவது இந்தக் கடை. 2015 ஜனவரி, அவுஸ்திரேலிய ஓபனில் வீனஸ் நான்கு வருடத்துக்கு மேல் கழித்து ஒரு கிராண்ட் ஸ்லாமில், அதாவது ரெனிஸின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றில், காலிறுதிக்குப் போயிருந்தார். ரெனிஸ் போடலாமா என்று கேட்க, கடைக்காரர் ஒன்றும் பேசாமல் ரிமோட்டை எடுத்து என் கையிலேயே தந்துவிட்டார். அந்த ஆட்டத்தில் வீனஸ் 19 வயது மடிசன் கீஸிடம் தோற்றார். அது வேறு விசயம்.

அன்று நாங்கள் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தோம். வேறு யாருக்கும் அது நல்ல இடம், அக்காவுக்கு வேதனை, காற்றுப் பட்டால் கண் இன்னும் காயும். அவள் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு இருந்ததைப் பார்த்துவிட்டுக் கடைக்காரரின் மனைவி உள்ளே இருந்து வந்தார். “பிள்ளை, உதிலை காத்து நேரை முகத்திலை அடிக்கும், இஞ்சால வந்திரும்” என்று சுவர்ப்பக்க மேசையைக் காட்டினார். அன்றிலிருந்து நாங்கள் அவரை அன்ரி என்றுதான் கூப்பிடுகிறோம். அடுத்த தரம் போனபோது மேசையில் கேட்காமலே ஒரு போத்தல் தண்ணீர் வந்தது. மூன்றாம் தரம், அக்கா றோல்ஸைக் கடித்துத் தண்ணீரோடு விழுங்குவதைக் கவனித்துவிட்டு, என்ன வருத்தம் என்று நேரே கேட்டார். அக்கா சொன்னாள். அன்ரி அனுதாபப் பேச்சு ஒன்றும் பேசவில்லை, கஞ்சி குடிப்பீரோ என்று மட்டும் கேட்டார்.

அந்த இலைக்கஞ்சிக்காகவே நான் இந்தக் கடைக்கு முழுப் புள்ளி கொடுப்பேன். காலை ஆறு மணியில் இருந்து இருக்கும். முல்லை, முசுட்டை, சில நாள் வல்லாரை, எது கிடைக்கிறதோ அதைப் போட்டு, குத்தரிசியைக் குழைய விட்டு, தேங்காய்ப்பாலைக் கடைசியில் சேர்த்து இறக்குவார். பனங்கட்டி ஒரு துண்டு பக்கத்தில். ஒரு கோப்பை 80 ரூபா. வாய் வறண்டவர்களுக்குத் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்குகிற சாப்பாடு என்றால் என்ன என்று அதைக் குடித்துப் பார்த்தால் தெரியும். அக்காவுக்கு மட்டும் உறைப்பும் உப்பும் குறைத்துத் தனியாக ஒரு சட்டி, காரம் பட்டால் வாய் எரியும் என்பதால். அதற்கென்று மேலதிகக் காசு எடுத்ததில்லை. பிளேன்ரீ நல்ல சாயம், இஞ்சி தட்டிப் போடுவார்கள். பால்தேத்தண்ணி எனக்குச் சீனி கூட, முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மட்டன் றோல்ஸ் பின்னேரம் ஐந்தரைக்குள் முடிந்துவிடும். பற்றிஸ் பரவாயில்லை, மா கொஞ்சம் தடிப்பு. வடை காலையில் சூட்டோடு எடுத்தால் மட்டும் எடுங்கள்.

சரி, ஆட்டங்களுக்கு வருகிறேன். இரண்டு வருடத்தில் அந்தச் சுவர்ப்பக்க மேசையில் நாங்கள் ஐந்து பேர் ஆகிவிட்டோம். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஐயா ஒருவர், முழங்கால் சத்திரசிகிச்சை செய்து பொல்லோடு வருவார். மருத்துவபீடத் தம்பி ஒருவன். அப்புறம் பந்து போடும்போது தோள் விலகியதால் கிரிக்கெட்டை விட்ட ஒரு பொடியன், ரெனிஸ் விதிகூடத் தெரியாமல் வந்து உட்கார்ந்தவன், இப்போது ரை பிரேக்கில் யார் சேர்வ் என்று எங்களுக்கே சொல்லுவான். எல்லோருக்கும் உடம்பில் ஏதோ ஒன்று உடைந்திருந்தது என்பதை நான் பிந்தித்தான் கவனித்தேன்.

2017 ஜனவரி 28, சனிக்கிழமை, எங்கள் நேரப்படி பின்னேரம் இரண்டு மணிக்கு அவுஸ்திரேலிய ஓபன் இறுதி. வீனஸுக்கு 36 வயது, ஒரு கிராண்ட் ஸ்லாம் தனியாட்ட இறுதிக்கு வந்து ஏழரை வருடம். எதிரில் தங்கை செரீனா. அன்றே தென்னாபிரிக்காவில் இலங்கை ஆடிய ஒருநாள் ஆட்டமும் இருந்தது, கடை முழுக்கக் கிரிக்கெட் பார்க்க வந்த பொடியன்கள். கடைக்காரர் எழும்பி, “தம்பியவை, ஸ்கோரைப் போனிலை பாருங்கோ, இது கெதியா முடிஞ்சிடும்” என்றார். ஒரு சனிக்கிழமை வியாபாரத்தை அவர் அப்படிப் பணயம் வைத்ததை நான் மறக்கமாட்டேன். ஆட்டம் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிட்டது, செரீனா 6-4, 6-4. ஆனால் பொடியன்கள் ஒருவரும் எழும்பிப் போகவில்லை.

அந்த ஜூலையில் விம்பிள்டன் இறுதி, மாலை ஆறரை. முதல் செற்றில் 5-4 என்று முன்னால் நின்று, செற்றை எடுக்க இரண்டு வாய்ப்பு வீனஸுக்கு வந்தது. இரண்டும் போனது. அதற்குப் பிறகு ஒரு கேமும் கிடைக்கவில்லை, முகுருசா தொடர்ந்து ஒன்பது கேம் எடுத்து 7-5, 6-0 என்று முடித்தார். இரண்டாவது செற்றின் நடுவில் அக்கா மெதுவாக, “அவவுக்கு முடியேல்லை, எனக்கு உந்தக் கால் தெரியும்” என்றாள். உண்மையா என்று எனக்குத் தெரியாது, வீனஸ் மட்டும்தான் சொல்ல முடியும். ஆனால் நான்காவது பாடத்துக்குப் பிறகு படியேறுகிற தன் காலைத்தான் அக்கா அந்தத் திரையில் பார்த்தாள். அன்ரி ரிவியை நிறுத்தவில்லை, சனலை மாற்றவில்லை, பரிசளிப்பு முடியும் வரை ஓடவிட்டார். வென்றவர்களின் ஆட்டத்தை எந்தக் கடையிலும் போடுவார்கள். தோற்றுக்கொண்டிருப்பவரைக் கடைசிவரை பார்க்க விடுகிற கடை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

குறைகளையும் சொல்லவேண்டும். ரிவி சின்னது, மூன்றாவது மேசைக்குப் பின்னால் இருந்தால் பந்து தெரியாது. மழை பெலத்தால் டிஷ் சிக்னல் போய்விடும், ஐப்பசி கார்த்திகையில் இதை நம்பிப் போகாதீர்கள். ஒழுங்கையில் கார் விட இடமில்லை, சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ போங்கள். கழிப்பறை வெளியில், இரவில் வெளிச்சம் குறைவு, மூட்டு வருத்தக்காரருக்கு அந்த இரண்டு படி கடினம், கைபிடி ஒன்று போடச் சொல்லிப் பல தரம் சொல்லிவிட்டேன். 2022இல் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்களில் கடை விறகடுப்பில் ஓடியது, ரிவி மூடிக் கிடந்தது, அதை யாரும் குறை சொல்லமுடியாது.

2024 மார்ச்சுக்குப் பிறகு வீனஸ் ஒரு வருடத்துக்கு மேல் ஆடவே இல்லை. அந்த வருடம் கர்ப்பப்பைக் கட்டிகளுக்குச் சத்திரசிகிச்சை. எங்கள் மேசையும் கலைந்தது, தம்பி வேறு மாவட்டத்துக்கு உள்ளகப் பயிற்சிக்குப் போனான், ஐயாவுக்கு மற்ற முழங்காலும் பிடித்துக்கொண்டது. 2025 ஜூலையில் வாஷிங்டனில் 16 மாதத்துக்குப் பிறகு ஆட வருகிறார் என்றதும் அக்கா எல்லோருக்கும் போன் எடுத்தாள். எங்கள் நேரம் புதன்கிழமை காலை, கடை ரிவியின் சனல்களில் அந்த ஆட்டம் வரவில்லை, கிரிக்கெட்டை விட்ட பொடியன் தன் போனை ரிவியோடு கொழுவி டேட்டாவிலே ஓட்டினான், படம் நின்று நின்று வந்தது. வீனஸ் தன்னைவிட இருபது வயதுக்கு மேல் இளைய ஸ்டேர்ன்ஸை 6-3, 6-4 என்று வென்றார். வயது 45. 2004 விம்பிள்டனில் நவரட்டிலோவா 47 வயதில் வென்றதற்குப் பிறகு, இந்த வயதில் உயர்மட்டத் தனியாட்டத்தில் வென்ற பெண் இவர்தான். கடைசிப் புள்ளியில் படம் உறைந்து நின்றுவிட்டது, கூட்டத்தின் சத்தம் மட்டும் கேட்டது. அக்காவுக்குக் கண்ணீர் சுரக்காது, அவள் அழுகிறாள் என்பது தோள் குலுங்குவதில்தான் தெரியும். அன்ரி வந்து பக்கத்தில் இருந்துகொண்டு, அவளுடைய பையில் இருந்து கண் மருந்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு யூ.எஸ். ஓபன். முகோவாவுடன் முதல் சுற்று, எங்களுக்கு விடியற்காலை நாலரை. நாலே காலுக்குப் போனால் தகரக் கதவு பாதி திறந்திருந்தது, உள்ளே அடுப்பு எரிந்தது. மூன்று செற் ஆடித் தோற்றார், நடுச் செற்றை 6-2 என்று எடுத்துவிட்டுத்தான் தோற்றார். லேலா பெர்னாண்டஸோடு இரட்டையரில் காலிறுதி வரை போனார், அதையும் விடாமல் பார்த்தோம்.

போகிறவர்களுக்கு ஒரு விசயம்: விடியற்காலை ஆட்டம் என்றால் முதல் நாள் பின்னேரமே போய்ச் சொல்லிவிடுங்கள். எத்தனை பேர் என்று அன்ரி கேட்பார், அது கஞ்சிக்கு அரிசி போடுவதற்கு. காரம் ஆகாதவர்கள் யாரும் வருகிறார்களா என்றும் கேட்பார், அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.