மெடிகேர்ல சேந்த கதை: ஃபார்ம் ஈஸி, எப்ப சேரணும்ங்கறதுதான் கஷ்டம்

மெடிகேர்ங்கறது 65 வயசானவங்களுக்கு அமெரிக்க கவர்மென்ட் குடுக்கற ஹெல்த் இன்ஷூரன்ஸ். போன நவம்பர்ல எனக்கு 65 ஆச்சு. அமெரிக்கா வந்து 27 வருஷம், அத்தனை வருஷமும் சம்பளத்துல மெடிகேர்னு 1.45 பர்சென்ட் புடிச்சிக்கிட்டே இருந்தாங்க, அது எதுக்குன்னு ஒக்காந்து யோசிச்சதே இல்ல. 64 தாண்டினதும் மெயில்பாக்ஸ் ஃபுல்லா இன்ஷூரன்ஸ் விளம்பரம், தினம் நாலஞ்சு போன் கால், அப்பதான் லேசா பயம் வந்துச்சு. நம்மாளுங்க நெறைய பேர் இப்ப இந்த வயசுக்கு வந்துட்டோம், யாருக்காவது உதவும்னுதான் இத எழுதறேன்.

மொதல்ல ஒரு விஷயம். 1960-லயோ அதுக்கப்பறமோ பொறந்தவங்களுக்கு சோஷியல் செக்யூரிட்டில, அதாவது கவர்மென்ட் பென்ஷன்ல, முழு ரிட்டயர்மென்ட் வயசு 67, அதனால மெடிகேரும் 67-னு நெனச்சுட்டு சும்மா இருக்கறவங்கள நானே பாத்துருக்கேன். மெடிகேர் 65-தான். சோஷியல் செக்யூரிட்டி பணம் ஏற்கனவே வாங்கறவங்களுக்கு கார்டு தானா வந்துரும், மத்தவங்க நாமதான் அப்ளை பண்ணணும்.

என் ஆபீஸ்ல கேட்டப்ப, நீங்க வேல பாக்கற வரைக்கும் கம்பெனி இன்ஷூரன்ஸ் போதும், மெடிகேர்லாம் இப்ப வேண்டாம்னு ரொம்ப தெளிவா சொன்னாங்க. நானும் அத நம்பிட்டேன். என் வொய்ஃப்தான், எதுக்கும் ஒரு தடவ வெளிய கேட்டுக்கோங்கன்னு விடாம சொல்லி மெடிகேர் பத்தி ஆலோசனை சொல்ற ஷிப் கவுன்சிலிங்க்கு என்ன அனுப்பி வெச்சா.

இந்த ரிவ்யூவே அந்த ஷிப்புக்காகத்தான்னு சொல்லலாம். எல்லா ஸ்டேட்லயும் இருக்கு, சில ஸ்டேட்ல பேர் மட்டும் வேற, கலிஃபோர்னியால ஹைகேப்னு சொல்லுவாங்க. கவர்மென்ட் பணத்துல நடக்குது, ஒரு பைசா வாங்க மாட்டாங்க, எந்த ப்ளானையும் விக்கவும் மாட்டாங்க. எங்க ஊர் லைப்ரரில ஒரு சின்ன ரூம்ல ஒரு வாலன்டியர் அம்மா இருந்தாங்க, எழுபது வயசுக்கு மேல இருக்கும். எதுவும் பேசறதுக்கு முன்னாடி என்கிட்ட கேட்ட மொத கேள்வி, உங்க கம்பெனில எத்தன பேர் வேல பாக்கறாங்க? பன்னண்டு பேர்னேன். பேனாவ கீழ வெச்சுட்டாங்க. இருபது பேருக்கு கொறவா இருக்கற கம்பெனில 65 ஆயிட்டா மெடிகேர்தான் மொதல்ல பணம் குடுக்கணும், கம்பெனி இன்ஷூரன்ஸ் ரெண்டாவதுதான், நீங்க பார்ட் பி, அதாவது மெடிகேர்ல டாக்டர் செலவுக்கான பகுதி, எடுக்கலன்னா டாக்டர் பில்ல அவங்க கட்ட மாட்டேன்னு சொல்லிட முடியும்னு பொறுமையா எடுத்து சொன்னாங்க. எனக்கு ஒடம்பெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு. இருபதோ அதுக்கு மேலயோ ஆளு இருக்கற கம்பெனின்னா வேல பாக்கற வரைக்கும் பார்ட் பி-ய தள்ளி போடலாம், என் கேஸ் அது இல்ல.

அப்பறம் ஒரு பேப்பர எடுத்து ஏழு கட்டம் போட்டாங்க. நடு கட்டத்துல நவம்பர், என் பொறந்த மாசம். அதுக்கு முன்னாடி மூணு, பின்னாடி மூணு, அதாவது ஆகஸ்ட்லேந்து பிப்ரவரி வரைக்கும். மொத மூணு கட்டத்துக்குள்ள அப்ளை பண்ணா நவம்பர் 1-லேந்தே கவரேஜ். ஏழு கட்டத்தையும் விட்டுட்டா, தள்ளி போட சரியான காரணமும் இல்லன்னா, ஒவ்வொரு முழு வருஷ லேட்டுக்கும் பார்ட் பி ப்ரீமியத்துல 10 பர்சென்ட் ஏறும், அது ஒரு தடவ கட்டற ஃபைன் இல்ல, பார்ட் பி இருக்கற வரைக்கும் மாசா மாசம். அந்த பேப்பர் இன்னும் எங்க ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி இருக்கு.

என் ஃப்ரெண்டு ஒருத்தர் இதுல மாட்டிக்கிட்டார். 66 வயசுல லே ஆஃப் ஆச்சு, வேல போனப்பறமும் நம்ம பணத்துல கம்பெனி இன்ஷூரன்ஸ தொடர விடற கோப்ரா 18 மாசம் இருக்கேன்னு நிம்மதியா இருந்துட்டார். கோப்ராவ மெடிகேர்ல வேல பாக்கறப்ப வர்ற கவரேஜா எடுத்துக்க மாட்டாங்க, வேல போனதுக்கு அடுத்த மாசத்துலேந்து எட்டு மாசம்தான் டைம். அது முடிஞ்சு டைம விட்டவங்க சேர்ற ஜனவரி டு மார்ச் ஜெனரல் என்ரோல்மென்ட் வரைக்கும் காத்துருந்து, பெனால்டியோட சேந்தார். யாராவது ஒருத்தர் முன்னாடியே சொல்லிருந்தா தப்பிச்சிருப்பார், இப்பவும் நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு.

அப்ளிகேஷன் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. சோஷியல் செக்யூரிட்டி வெப்சைட்ல, ஆகஸ்ட்லயே, லைசென்ஸ் போட்டோ எடுத்து லாகின் பண்ணதையும் சேத்து அர மணி நேரம். பத்து வருஷம் டாக்ஸ் கட்டி 40 கிரெடிட் இருந்தா பார்ட் ஏ-க்கு, அதாவது ஆஸ்பத்திரில தங்கற செலவுக்கான பகுதிக்கு, ப்ரீமியம் கெடையாது. பார்ட் பி 2025-ல மாசம் 185 டாலர், 2026-ல 202.90. நான் இன்னும் சோஷியல் செக்யூரிட்டி எடுக்கல, அதனால மூணு மாசத்துக்கு சேத்து பில் வருது. வருமானம் ஜாஸ்தின்னா இதுக்கு மேலயும் போகும், அதுக்கு ரெண்டு வருஷம் முந்தின டாக்ஸ் ரிட்டர்ன பாப்பாங்க, ஆனா ரிட்டயர் ஆகி வருமானம் கொறஞ்சிருந்தா எஸ்எஸ்ஏ-44 ஃபார்ம் போட்டு கொறைக்க சொல்லி கேக்கலாம்.

ரொம்ப யோசிச்சது அதுக்கு அப்பறம்தான். ஒரிஜினல் மெடிகேர்ல, அதாவது கவர்மென்ட் நேரா நடத்தற ஏ, பி-ல, டாக்டர் பில்லுல 20 பர்சென்ட் நம்ம தலையில, அதுக்கு உச்சவரம்பே இல்ல. பல்லு, கண்ணாடி, காது மெஷின் இதெல்லாம் கெடையாது. அதுக்கு பதிலா தனியார் கம்பெனிங்க நடத்தற அட்வான்டேஜ் ப்ளான்ல இதுல சிலது வரும், ஆனா டாக்டர் அவங்க நெட்வொர்க்ல இருக்கணும். நான் ஒரிஜினல் மெடிகேரோட, அந்த 20 பர்சென்ட் மாதிரி மிச்ச செலவ கட்டற மெடிகேப் இன்ஷூரன்ஸ்ல ப்ளான் ஜி எடுத்தேன், வொய்ஃபுக்கு அவ ஆபீஸ்லயே இன்ஷூரன்ஸ் இருக்கறதால கம்பெனி ப்ளான விட்டுட்டேன். பார்ட் பி ஆரம்பிச்சு ஆறு மாசத்துக்குள்ள மெடிகேப் எடுத்தா சுகர், பிபின்னு காரணம் சொல்லி மாட்டேன்னு சொல்ல முடியாது, அப்பறம் போனா நெறைய ஸ்டேட்ல ஹெல்த் ஹிஸ்டரி கேப்பாங்க. எனக்கு சுகர் இருக்கு, அதனால இந்த ஆறு மாசம் எனக்கு பெரிய விஷயம். இன்னொண்ணு, வருஷா வருஷம் ஊருக்கு போறோம், மெடிகேர் இந்தியால செல்லாது. ப்ளான் ஜி-ல வெளிநாட்டு எமர்ஜென்சிக்கு 250 டாலர் போக 80 பர்சென்ட், ஆயுசுக்கும் சேத்து 50,000 டாலர் வரைக்கும் குடுப்பாங்க, பயணத்தோட மொத 60 நாள்ல நடந்தா மட்டும்.

பசங்க ஸ்பான்சர் பண்ணி க்ரீன் கார்டுல வந்த அப்பா அம்மா தொடர்ந்து அஞ்சு வருஷம் இங்க இருந்துருந்தா பணம் கட்டி சேரலாம், 40 கிரெடிட் இல்லாததால பார்ட் ஏ-க்கும் ப்ரீமியம் உண்டு.

மூணு வாரத்துல கார்டு வந்துச்சு. செவப்பு வெள்ள நீல கோடு போட்ட சாதாரண அட்டை, ப்ளாஸ்டிக் கூட இல்ல. பேரு, பதினோரு எழுத்து நம்பர், கீழ ஏ-க்கும் பி-க்கும் 11-01-2025. ரொம்ப நேரம் அத கையிலயே வெச்சிருந்தேன். 1965 ஜூலை 30 பிரசிடென்ட் ஜான்சன் மெடிகேர் சட்டத்துல கையெழுத்து போட்டப்ப மொத ஆளா சேந்தது 81 வயசு முன்னாள் பிரசிடென்ட் ட்ரூமன்தான்னு அந்தம்மா சொன்னது ஞாபகம் வந்துச்சு.

என் மச்சானுக்கும் இப்ப லைப்ரரில அப்பாயின்ட்மென்ட் வாங்கி குடுத்துருக்கேன். அவர் பொறந்தது ஜூன் 1. ஒண்ணாந்தேதி பொறந்தவங்களுக்கு ஒரு மாசம் முன்னாடியே கணக்கு, கவரேஜ் மே 1-லயே ஆரம்பிக்கும், அவரோட ஏழு கட்டம் இந்த பிப்ரவரிலயே தொடங்கிடுச்சு.