ஞாயிறு மூடியிருக்கும் டீக்கடை: நாலு நட்சத்திரம், ஐந்தாவதைப் பிடித்து வைத்திருக்கிறேன்

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். பர்மாவின் யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், ஞாயிற்றுக்கிழமை காலையில் டீக்கடையை மூடுகிற ஆள் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். அதுவும் எந்த இடத்தில்? போ ஆங் ஜோ தெருவில் புனித மரியாள் பேராலயம் இருக்கிறதே, 1895-இல் தொடங்கி 1911-இல் கட்டி முடித்த சிவப்புச் செங்கல் கோயில், அங்கிருந்து நடக்கிற தூரத்தில். பூசை முடிந்து கூட்டம் பசியோடு வெளியே வரும்போது இங்கே இரும்புக் கதவு இறங்கியிருக்கும்.

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். வாரத்தில் ஒரு நாள் மூடினால் ஏழில் ஒரு பங்கு வரும்படி போச்சு என்று எல்லோரும் நினைப்பார்கள். ஞாயிறு இரட்டை வியாபாரம் ஓடும் இடத்தில் அப்படி இல்லை, மற்ற ஆறு நாளும் ஞாயிற்றின் இரண்டும் சேர்ந்து எட்டு, அந்த எட்டில் இரண்டு. அதாவது கால் பங்கு. இதைக் காகிதத்தில் போட்டே கடைக்கார அண்ணனிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "கணக்கு சரியா இருக்கு தம்பி" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

சரி, டீக்கு வருவோம். கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. கறுத்துப்போன நீலக் கதவும் வாசலில் ஒரு தண்ணீர்ப் பானையும்தான் அடையாளம். பர்மிய மொழியில் 'பொன்மான்' என்று கேட்டால் சாதாரண டீ வரும். (ஊரிலிருந்து வந்த என் மச்சான், ராமாயணத்து மான் இங்கே டீக்கடையில் என்ன செய்கிறது என்று கேட்டான்.) நான் குடிப்பது 'ஜாசெய்ன்', கசப்பும் பாலும் கட்டியாக இருப்பது. டிக்காஷன் நன்றாக இறங்கியிருக்கும். டின்பாலை அளந்துதான் விடுகிறார்கள். பாலைக் கூட்டி டிக்காஷனை மறைக்கும் வேலை இங்கே இல்லை. சுடச்சுடத் தோசை உண்டு, பர்மியர்கள் 'தோஷே' என்று சொல்லிக் கேட்பார்கள். பலாட்டாவும் அவித்த கடலையும் காலை எட்டு மணிக்குள் தீர்ந்துவிடும். சமோசா மட்டும் எண்ணெய் குடித்தது. மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஐந்தாவது நட்சத்திரம் அதற்காகத்தான் நிற்கிறது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது டீயைப் பற்றி மட்டும் அல்ல. இந்த ஊர் டீக்கடைகளில் ஓடி ஓடிப் பரிமாறும் பையன்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஐராவதி டெல்டா கிராமங்களிலிருந்து பத்துப் பன்னிரண்டு வயதில் வந்து, விடியும் முன் எழுந்து, இரவு கடை கழுவி, பெஞ்சுகளை இழுத்துப் போட்டு அதிலேயே படுக்கும் பிள்ளைகள். நாம் உதட்டைக் குவித்து 'ப்ச்ப்ச்' என்று கூப்பிட்டால் ஓடி வருவார்கள். இந்தக் கடையில் 16 வயதுக்குக் கீழே யாரையும் எடுப்பதில்லை. ப்ச்ப்ச் சத்தம் போட்டால் அக்கா கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்ப்பார். வாயால் சொல்ல மாட்டார், பார்ப்பார். நானே ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்.

ஒருநாள் தேதி மறந்து ஞாயிற்றுக்கிழமை போய் நின்றேன். கதவு பாதி தூக்கியிருந்தது. அண்ணன் குனிந்து பார்த்து, "வியாபாரம் இல்லை, வந்து சாப்பிடுங்க" என்றார். உள்ளே மேசைகளை ஒன்றாக இழுத்துப் போட்டிருந்தார்கள். ஆறு பையன்கள் உட்கார்ந்திருக்க, அண்ணன் சோறு வைக்கிறார், அக்கா கோழிக்கறி ஊற்றுகிறார். புளிப்புக் கீரை ரசம், ஒரு கிண்ணத்தில் பலாச்சாங், காய்ந்த இறாலை வறுத்துச் செய்வது. ஒருத்தன் மட்டும் மூன்று ஸ்டூலை வரிசையாகப் போட்டு, வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பட்டுமா என்றேன். "விடுங்க, அதுக்குத்தானே இன்னிக்கு மூடியிருக்கு" என்றார் அக்கா. சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளைக் கழுவியது அண்ணன். அறுபது தாண்டிய மனிதர். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வார நாளில் அந்தப் பையன்கள் குந்தும் அதே தொட்டி முன்னால் குந்தினார். பையன்கள் அதைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, கூச்சப்படவும் இல்லை. பழகிப்போயிருக்கிறது.

அண்ணனும் அக்காவும் காலையிலேயே தமிழ் ஆராதனைக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள். பையன்களை யாரும் கூப்பிட்டுக்கொண்டு போவதில்லை, பெரும்பாலும் பௌத்தர்கள். ஏழாவது நாளுக்கும் சம்பளம் உண்டு, இதைக் கடையின் சம்பள நோட்டைப் பார்த்தே சொல்கிறேன்.

நான் காளி கோயில்காரன். அவர்கள் வேதத்தில் எனக்குப் பழக்கம் குறைவு. அதனால் ஏன் இப்படி என்று நேராகவே கேட்டேன். அண்ணன் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. பத்துக் கட்டளைகள் வேதத்தில் இரண்டு இடத்தில் வருகிறதாம். யாத்திராகமத்தில் ஓய்வுநாளுக்குக் காரணம், கடவுள் ஆறு நாளில் உலகத்தைப் படைத்து ஏழாவது நாள் ஓய்ந்தார் என்பது. உபாகமத்தில் காரணமே வேறு: நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதை மறக்காதே, உன் வேலைக்காரனும் உன்னைப்போல இளைப்பாறட்டும். "எங்க பெரியவங்க முதல் காரணத்தைத்தான் அதிகம் சொல்வாங்க. கடை வச்சிருக்கிறவனுக்கு ரெண்டாவதுதான் உறைக்கும்" என்றார். சனிக்கிழமைதான் சரியான ஓய்வுநாள் என்று வாதாட இன்னொரு சபைக்காரர் வாராவாரம் வருவார். வருகிற நாளும் சனிக்கிழமைதான். அவருக்கும் டீ உண்டு, அவர் காசு கொடுக்காமல் போவதும் உண்டு.

இன்னொன்றும் சொன்னார். அவருடைய அப்பா மளிகைக் கடை வைத்திருந்தவர். 1964-இல் நே வின் ராணுவ அரசு கடைகளையெல்லாம் எடுத்துக்கொண்டபோது அதுவும் போனது. சொந்தக்காரர்கள் பாதிப்பேர் கப்பலேறிச் சென்னைக்குப் போனார்கள், அப்பா போகவில்லை. "எல்லா நாளையும் ஒரே நாள்ல இழந்தவர் மகன் நான். வாரத்துல ஒரு நாளை நானா விட்டுக்கொடுக்கிறதுல என்ன பயம்?" கணக்குப் போட்ட காகிதத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்று அப்போது தோன்றியது.

டீ கலக்கும் ஆளை இங்கே 'அப்யோசயா' என்பார்கள், இந்தக் கடை அப்யோசயாவைப் பற்றியும் எழுத வேண்டும். 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் பெற்றோரை இழந்து, லபுட்டா பக்கத்திலிருந்து பதினோரு வயதில் வந்தவன். அப்போது அவனை வேலைக்கு எடுக்கவில்லை, வளர்க்க எடுத்தார்கள். பள்ளிக்கூடம் போனான், பிறகு அவனே அடுப்புப் பக்கம் வந்தான். தமிழில் என்னைவிட நன்றாகத் திட்டுவான். மாடியில் அவன் அறையில் புத்தர் படம் இருக்கிறது. சந்தைக்குப் போய் வரும் அக்கா கூடையில் அதற்கான பூவும் இருக்கும். "நீங்களா வாங்குறீங்க?" என்று கேட்டேன். "அவன் காசுக்குத்தான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாசலில் இருக்கும் தண்ணீர்ப் பானையும் அவன் வைத்ததுதான், பௌத்தர் வீட்டு வழக்கம். காலையில் அதைத் தேய்த்து நிரப்புகிறவர் அண்ணன்.

கரண்ட் நின்றுபோகும் நேரம் இங்கே வந்து போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். கூரையில் சோலார் தகடு, உள்ளே பேட்டரி. டீ வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. தெருவில் இருக்கிற பாட்டிகள் எல்லாம் ஒயரோடு வந்து உட்கார்ந்து, பேசிவிட்டுப் போகிறார்கள். இடம் பிடிக்க முடியாது, அது வேறு தொல்லை.

ஒரே ஒரு ஞாயிறுதான் கதவு முழுசாகத் திறந்திருக்கப் பார்த்தேன். 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை மத்தியானம் சகாயிங், மாண்டலே பக்கம் 7.7 அளவில் பூமி குலுங்கியது. 30-ஆம் தேதி ஞாயிறு போனால், கடை நிறைய அரிசி மூட்டை, தண்ணீர் பாட்டில், தார்ப்பாய். லாரிக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு ஓய்வுநாள் இல்லையா அண்ணே என்றேன். "மாடு கிணத்துல விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டு ஒரு மூட்டையை என் பக்கம் தள்ளினார். அது இயேசு கேட்ட கேள்வியிலிருந்து வந்தது என்று பிற்பாடுதான் தெரிந்தது: ஓய்வுநாளில் உங்கள் மாடு கிணற்றில் விழுந்தால் தூக்கிவிட மாட்டீர்களா? பையன்களைப் போய்த் தூங்கச் சொன்னார். ஒருத்தனும் போகவில்லை. அந்த ஞாயிற்றுக்குப் பதிலாகத் திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை விட்டார். நான் டீயில்லாமல் அலைந்தேன்.

போகிறவர்களுக்கு: ஸ்டூல்கள் ஆடும், சுவர் ஓரத்தில் உட்காருங்கள். விலை அக்கம்பக்கத்துக் கடைகளில் கேட்பதுதான். சமோசா வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போகாதீர்கள். மறுநாள் லீவு என்ற உற்சாகத்தில் பையன்கள் தரை கழுவ ஆரம்பித்துவிடுவார்கள். முதல் வாளித் தண்ணீர் உங்கள் கால் மேல்தான்.