அறுபதுக்கு மேல் படிப்பு: வாராந்திர வகுப்பா, ஸ்வயமா, இக்னோவா?

பணி ஓய்வுக்குப் பிறகோ, பிள்ளைகள் தலையெடுத்த பிறகோ மறுபடி படிக்க நினைப்பவருக்குத் தமிழ்நாட்டில் முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன. பக்கத்துத் தெருவிலோ கோயில் மண்டபத்திலோ நடக்கும் வாராந்திர வகுப்பு ஒன்று. மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் என்பிடெல் என்ற திட்டம் நடத்தும் இணையப் படிப்பு இன்னொன்று. இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) மாதிரியான, வீட்டிலிருந்தே படிக்கும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முறையாகச் சேருவது மூன்றாவது. நான் தேர்ந்தது மூன்றாவதை. இந்த அலசலும் அதன் பக்கம்தான் சாயும், காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கட்டணத்தைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. ஸ்வயத்தில் சேர்ந்து படிப்பது இலவசம். தேர்வு எழுதினால் மட்டும் சுமார் ஆயிரம் ரூபாய். வாராந்திர வகுப்புக்கு ஊருக்கும் ஆசிரியருக்கும் ஏற்ற மாதக் கட்டணம். இக்னோவின் சான்றிதழ்ப் படிப்புகளும் இளங்கலையும் ஓய்வூதியத்தில் தாங்கக்கூடியவையே. பாடத்தரத்திலும் மூன்றையும் பெரிதாகக் குறைசொல்ல முடியாது. வயது வரம்பு எங்கும் இல்லை.

முடிவைத் தீர்மானிப்பது வேறு ஒன்று: நடுவில் படிப்பு நின்றுபோனால் என்ன ஆகும்?

இந்த வயதில் படிப்பு நிற்கத்தான் செய்யும். கண்புரை அறுவை செய்தால் சொட்டுமருந்து நாலு முதல் ஆறு வாரம் ஓடும். படிப்பதற்கான புதுக் கண்ணாடியைப் பெரும்பாலும் அதன் பிறகுதான் எழுதித் தருவார்கள். இரண்டு கண்ணுக்கும் அடுத்தடுத்து என்றால் மூன்று மாதம் போய்விடும். மூட்டு மாற்று அறுவைக்கும் ஏறக்குறைய அதே கணக்கு. மகளுக்கோ மருமகளுக்கோ வெளிநாட்டில் பிரசவம் என்றால் ஆறு மாதம் அங்கே. பெரியவர்கள் படிப்பை விடுவதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. பல வகுப்புகள் நின்று திரும்பி வருபவருக்கு இடம் வைக்காமலேயே அமைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே எந்த வகுப்பில் சேரும் முன்பும் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: ஒரு மாதம் வராவிட்டால் என்ன ஆகும், ஆறு மாதம் வராவிட்டால் என்ன ஆகும்?

முதலில் என்பிடெல். 2003இல் ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கியது. இப்போது ஸ்வயம் தளத்தின் வழியாக நடக்கிறது. பொறியியல் மட்டும்தான் இருக்கும் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். பொருளாதாரம், உளவியல், மெய்யியல், இலக்கியம் எல்லாம் உண்டு. படிப்புகள் 4, 8 அல்லது 12 வாரம் நடக்கும். வாரம்தோறும் புதிய காணொளிகள் வரும்; அவற்றோடு வரும் அசைன்மென்டைக் கெடு தேதிக்குள் அனுப்ப வேண்டும். 12 வாரப் படிப்பில் சிறந்த 8 அசைன்மென்டுகளைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அதற்கு 25 மதிப்பெண், நேரில் எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழுக்கு அசைன்மென்டில் 10, தேர்வில் 30 தேவை.

அதாவது ஒரு மாதம் விட்டால் பிழைத்துக்கொள்ளலாம். நாலு அசைன்மென்ட் போனாலும் எட்டு மிஞ்சும். ஆனால் விட்ட நாலு வாரக் காணொளிகளையும் நடப்பு வாரத்தோடு சேர்த்துப் பார்த்தாக வேண்டும், இரட்டைச் சுமை. ஆறு மாதம் விட்டால் அந்தச் சுற்று முடிந்தே போயிருக்கும். அசைன்மென்ட் மதிப்பெண் அடுத்த சுற்றுக்கு வராது. அடுத்த பருவத்தில் அதே படிப்பை மறுபடி நடத்துவார்கள் என்ற உறுதியும் இல்லை. சான்றிதழ் தேவையில்லை, தெரிந்துகொண்டால் போதும் என்பவருக்கு இதெல்லாம் பொருட்டே அல்ல; பழைய காணொளிகள் யூடியூபில் கிடக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். காது மந்தமானவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதியும் உண்டு: பேசுவதைத் திரையில் எழுத்தாக ஓடவிட்டு, வேகத்தை 0.75க்குக் குறைத்து, புரியாத இடத்தைப் பத்துத் தடவை கேட்கலாம். எந்த வகுப்பறையிலும் அது கிடைக்காது. ஆனால் கெடுவும் இல்லாமல் தேர்வும் இல்லாமல் யூடியூபில் தொடங்குகிற படிப்பு மூன்றாவது வாரத்தைத் தாண்டுவது கடினம்.

வாராந்திர வகுப்பைப் பொறுத்தவரை, பாடம் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதே எல்லாம். வாரம் ஓர் அதிகாரமாகக் குறள், வாரம் ஒரு பதிகமாகத் திருமுறை என்று நடக்கும் வகுப்பில் ஆறு மாதம் கழித்துப் போய் உட்கார்ந்தாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. ஒவ்வொரு நாளும் தனித்தனியாக நிற்கிற பாடம். வீணை, வாய்ப்பாட்டு, புதிய மொழி அப்படியல்ல. இசையின் முதல் பாடமான சரளி வரிசையில் நின்றவர் ஒரு மாதம் கழித்து வரும்போது மற்றவர்கள் மேல்படியான அலங்காரத்துக்குப் போயிருப்பார்கள். ஆசிரியருக்கு ஒருவருக்காக மொத்த வகுப்பையும் பின்னுக்கு இழுக்க முடியாது, வந்தவருக்கும் கூச்சம். அங்கேதான் நின்றுபோகிறது. குழுவாகக் கற்றுத்தரும் ஆசிரியரிடம், விட்டவர்களுக்கு அரை மணி நேரம் தனியாக எடுப்பாரா என்று சேரும்போதே கேட்டுவிடுவது நல்லது.

மொழி கற்க நினைப்பவர்களுக்கு ஒரு நல்ல இடைவழி இருக்கிறது. 1918இல் தொடங்கிய தட்சிண பாரத இந்தி பிரசார சபாவின் தேர்வுகள் பிராத்மிக் முதல் பிரவீண் வரை படிப்படியாகப் போகும்; ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். தெருவில் இருக்கும் டீச்சரிடம் படித்து, ஒரு முறை விட்டால் அடுத்த முறை எழுதலாம். எழுதித் தேறிய படி கையை விட்டுப் போகாது. வாராந்திர வகுப்பின் நெருக்கமும் திறந்தநிலைப் படிப்பின் பொறுமையும் சேர்ந்தது இது.

வாராந்திர வகுப்புக்கு மட்டுமே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் வராவிட்டால் யாராவது போன் செய்து கேட்பார்கள். இக்னோவும் கேட்காது, ஸ்வயமும் கேட்காது. வீட்டில் தனியாக இருப்பவருக்கு, பகலெல்லாம் பேச ஆளில்லாதவருக்கு, நான் கீழே சொல்லப்போகும் எல்லாவற்றையும் விட இது பெரிது. அவர்கள் தயங்காமல் பக்கத்து வகுப்பில் சேரட்டும்.

மற்றவர்களுக்கு என் பரிந்துரை இக்னோ. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த இந்தப் பல்கலைக்கழகத்தின் விதிகளே இடைவெளியை எதிர்பார்த்து எழுதப்பட்டவை. ஒவ்வொரு படிப்புக்கும் குறைந்தபட்சக் காலம், அதிகபட்சக் காலம் என்று இரண்டு உண்டு. சான்றிதழ்ப் படிப்பு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை. மூன்றாண்டு இளங்கலை ஆறு ஆண்டு வரை. பருவ இறுதித் தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். எந்தத் தேர்வில் எத்தனை பாடம் எழுதுவது என்பது நம் விருப்பம். தேறிய பாடமும், தேறிய அசைன்மென்டும் அதிகபட்சக் காலம் முடியும்வரை அப்படியே நிற்கும். அந்தக் காலமும் போதவில்லை என்றால், மீதிப் பாடங்களுக்கு மட்டும் பணம் கட்டி மறுசேர்க்கை பெறலாம்.

இதைக் கணக்காகப் போட்டால் இன்னும் தெளிவாகும். ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. 16 கிரெடிட் சான்றிதழ் என்றால் 480 மணி நேரம். ஆறு மாதத்தில் முடிக்க நினைத்தால் வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். பேரன் பேத்தி இருக்கும் வீட்டில் நடக்காத காரியம். இரண்டு ஆண்டில் பரப்பினால் வாரத்துக்கு நாலரை மணி நேரம். நாலு கிரெடிட்டாக நாலு பாடம் இருக்கும் சான்றிதழில் ஜூலையில் சேர்ந்தவருக்கு இரண்டு டிசம்பர், இரண்டு ஜூன் என நாலு தேர்வு வாய்ப்பு. வாய்ப்புக்கொரு பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாய்ப்பில் கண் அறுவை வந்தால் அடுத்ததில் இரண்டு பாடம் எழுதலாம். ஆறு மாதம் வெளிநாடு போனாலும் இழப்பது ஒரே ஒரு தேர்வு. அங்கே இருக்கும்போது படிக்கப் புத்தகம் சுமந்துபோக வேண்டாம். பாடநூல்கள் இக்னோவின் இ-ஞானகோஷ் இணையதளத்தில் பிடிஎஃப் வடிவில் கிடைக்கின்றன. சேரும் முன்பே அங்கே ஒரு பாடத்தை இறக்கி, இருபது பக்கம் படித்துப் பாருங்கள். நடை ஒத்துவரவில்லை என்றால் வேறு படிப்புக்குத் தாவுவது அப்போதே சுலபம்.

120 கிரெடிட் இளங்கலை 3,600 மணி நேரம். ஆறு ஆண்டில் பரப்பினாலும் வாரம் பன்னிரண்டு மணி நேரம் கேட்கும். முதலில் சான்றிதழ், கை பழகியபின் பட்டம் என்று போவதே சரி.

குழப்பம் வரும் இடங்கள் மூன்று. எல்லாமே அலுவல் சார்ந்தவை, பாடம் சார்ந்தவை அல்ல. முதலாவது, படிப்பில் சேர்ந்தாலே தேர்வுக்கும் பதிவாகிவிட்டது என்ற எண்ணம். இல்லை. ஒவ்வொரு ஜூனுக்கும் டிசம்பருக்கும் தனியாகத் தேர்வு விண்ணப்பம் நிரப்பிப் பாடவாரியாகக் கட்டணம் கட்ட வேண்டும். கெடு தாண்டினால் தாமதக் கட்டணம் ஆயிரத்தைத் தாண்டும். அதையும் விட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதுதான். இரண்டாவது, பழைய அசைன்மென்ட் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது. கேள்விகள் சுற்றுக்குச் சுற்று மாறும். போன சுற்றுக் கேள்வித்தாளுக்கு எழுதியதை ஏற்கமாட்டார்கள். இடைவெளிக்குப் பிறகு திரும்புபவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இதில்தான், ஏனென்றால் அவர்கள் இறக்கி வைத்திருப்பது பழையது. மூன்றாவது, ஓராண்டுக்கு மேற்பட்ட படிப்புகளில் அடுத்த ஆண்டுக்கான மறுபதிவு. முதல் ஆண்டுத் தேர்வு முடிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் இதைக் குறித்த நேரத்தில் செய்ய வேண்டும்; தானாக நகராது.

அசைன்மென்ட் கையால்தான் எழுத வேண்டும். ஏ4 தாள், ஒவ்வொரு பாடத்துக்கும் தனிக் கோப்பு, முதல் பக்கத்தில் பதிவெண்ணும் பாடக் குறியீடும். கொடுப்பதற்கு முன் போனில் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். மதிப்பெண் ஏறாமல் போனால் இவை இரண்டும்தான் ஆதாரம்.

இந்த வழியில் உண்மையிலேயே கடினமானது தேர்வறைதான். நூறு மதிப்பெண் தாள் என்றால் மூன்று மணி நேரம். ஐந்நூறு சொல் அளவில் ஐந்து விடைகள் எழுதும்படி வருவது வழக்கம். பல ஆண்டுகளாகக் கையெழுத்து மட்டும் போட்டுப் பழகிய விரல்கள் முக்கால் மணி நேரத்தில் மரத்துவிடும். தேர்வுக்கு மூன்று மாதம் முன்பிருந்தே தினம் பதினைந்து நிமிடம் எழுதத் தொடங்கி, வாரம் ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் எழுத வரும். ஒவ்வொரு விடைக்கும் நடுவில் ஒரு நிமிடம் கையை உதறி ஓய்வு கொடுத்தால் மூன்று மணி நேரம் தாக்குப்பிடிக்கும். பிடி தடிமனான, அழுத்தாமலே ஓடுகிற ஜெல் பேனா வாங்குங்கள். அசைன்மென்டைக் கையால் எழுதச் சொல்வது இந்த வகையில் நல்ல பயிற்சி. கை நடுக்கமோ பார்வைக் குறைபாடோ மாற்றுத்திறன் அளவுக்கு இருந்தால், சான்றிதழைக் காட்டி, எழுதித் தருபவரை வைத்துக்கொள்ள இக்னோவின் மண்டல மையத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்கலாம்.

மொழி ஒரு தடை. இக்னோவில் பெரும்பாலான படிப்புகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழில் படித்துத் தமிழில் எழுத விரும்பினால், 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பொருத்தமானது; பாடநூலும் தமிழில் கிடைக்கும். ஆனால் அங்கே இடைவெளி விதிகளை இக்னோ அளவுக்கு நெருங்கிப் பார்த்தவன் அல்ல நான். சேரும்போது கையேட்டில் அதிகபட்சக் காலம் எத்தனை ஆண்டு, விட்ட தேர்வை எப்போது எழுதலாம் என்ற இரண்டையும் படித்துவிட்டே பணம் கட்டுங்கள். திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களின் படிப்பு மையங்களில் ஆசிரியர்கள் பாடத்தை விளக்கும் ஆலோசனை வகுப்புகளின் நிலை மையத்துக்கு மையம் வேறுபடும். சிறிய ஊர்களில் அவற்றை நம்பிச் சேராமல், தானாகப் படித்துக்கொள்ளலாம் என்ற தெம்போடு சேருவது பாதுகாப்பு.

பள்ளிப் படிப்பே பாதியில் நின்றவர்களுக்கு, குறிப்பாகக் கல்யாணத்துக்காக ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பெண்களுக்கு, மேலே சொன்ன மூன்றையும் விடப் பொருத்தமானது தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், சுருக்கமாக என்ஐஓஎஸ். பத்தாம் வகுப்பைத் தமிழ் வழியிலேயே எழுதலாம். தேற ஐந்து பாடம் போதும். ஒரு முறை பதிந்தால் ஐந்து ஆண்டு செல்லும்; அதற்குள் ஒன்பது தேர்வு வாய்ப்புகள். எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஏப்ரல்-மேயில் ஒன்று, அக்டோபர்-நவம்பரில் ஒன்று என்று எழுதினாலும் இரண்டரை ஆண்டில் ஐந்தும் முடிந்துவிடும், இன்னும் நாலு வாய்ப்பு கையில் இருக்கும். பழைய பள்ளிச் சான்றிதழ் தொலைந்திருந்தாலும், பிறந்த தேதிக்கான ஆவணமும் பத்தாம் வகுப்புப் படிக்கும் தகுதி தனக்கு இருக்கிறது என்ற சுய உறுதிமொழியும் கொடுத்துச் சேரலாம். ஆதாரில் இருக்கும் பெயரும் பிறந்த தேதியும் அந்த ஆவணத்தோடு ஒத்துப்போகிறதா என்பதை மட்டும் விண்ணப்பிக்கும் முன் சரிபார்த்து, வேறுபாடு இருந்தால் முதலில் அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.