லாரியை ஓரங்கட்டும்போது: மாதம் ஒரு ஸ்டார்ட்டா, ஒரேயடியாகப் பூட்டா?

லாரி பல மாதம் நிற்கப் போகிறது என்றால் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். வடிகட்டிப் பார்த்தால் இரண்டுதான் மிஞ்சும். மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, கால் மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அணைப்பது ஒன்று. எல்லா வேலையையும் முன்கூட்டியே முடித்துவிட்டு, திரும்ப எடுக்கும் நாள்வரை சாவியே போடாமல் விடுவது இன்னொன்று. ஒரே லாரியில் இரண்டையும் செய்து பார்த்தேன். முதல் தடவை 8 மாதம் மாத ஸ்டார்ட், அடுத்த தடவை 14 மாதம் முழுப் பூட்டு. இனி எனக்குப் பூட்டுதான்.

மாத ஸ்டார்ட்டில் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வண்டி உயிரோடு இருக்கிறது என்று மனசுக்குத் தெம்பு. எந்த நேரமும் வேலைக்கு அழைப்பு வரலாம் என்றால் வேறு வழியும் இல்லை. ஆனால் அந்த 8 மாத முடிவில் ஆயில் கேப்பைத் திறந்தேன். அடிப்பக்கம் முழுக்க வெண்ணெய் தடவியது போல வெளிறிய நுரை. விரலால் வழித்தால் பிசுபிசுவென்று வந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. ஆகவே கூலன்ட் ஆயிலில் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட் மேல் பழி போட வழியில்லை.

தண்ணீர் டீசலிலிருந்தே வந்தது. 1 லிட்டர் டீசல் எரிந்தால் கிட்டத்தட்ட 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகும். லோடு ஏற்றி ஓடும் சூடான இன்ஜினில் அது தெரியாமலே வெளியே போய்விடும். குளிர்ந்த இன்ஜினில் கொஞ்சம் ஆவி பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயில் பக்கம் இறங்கிக் குளிர்ந்து நீராகிறது. சைலன்சருக்குள்ளும் அப்படியே தங்குகிறது. ஐடிலில், அதாவது நின்றபடி சும்மா ஓடும்போது, டீசல் இன்ஜின் சட்டென்று சூடாகாது. சூடு காட்டும் கேஜில் முள் ஏறினாலும் ஆயில் அதற்கு வெகுநேரம் பின்தங்கித்தான் சூடாகும். உள்ளே போன ஈரம் உலரும் முன்பே அணைத்துவிடுகிறோம். மாதாமாதம் இதே கதை. ரோட்டில் எடுத்து, ஆயில் நன்றாகச் சூடாகும்வரை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டிவிட்டு நிறுத்த முடியுமானால் நிலைமை வேறு. அப்போது மாத ஸ்டார்ட்டை நானும் குறை சொல்ல மாட்டேன். நிற்கும் லாரிக்கு அந்த வசதி அநேகமாக இருப்பதில்லை.

பூட்டி வைப்பதிலும் எதிரி தண்ணீர்தான், இந்தத் தடவை டேங்கில். பாதி டேங்கோடு நிறுத்தினால், பகலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும், இரவில் ஈரக்காற்று உள்ளே வரும், சுவரில் முத்து முத்தாக வியர்க்கும். அந்தத் தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் போய்த் தங்கும். தண்ணீரும் டீசலும் தொடும் அந்த மெல்லிய கோட்டில்தான் ஹார்மோகோனிஸ் ரெசினே போன்ற பூஞ்சைகள் குடியேறி டீசலையே தின்று வளர்கின்றன. முதல் தடவை, டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பார்த்தேன். கீழே தண்ணீர், மேலே டீசல், நடுவே கருப்பாக ஜவ்வு மாதிரி ஒரு படலம். ஃபில்டரை அடைப்பது அதுதான்.

அதனால் இரண்டாம் தடவை டேங்கைக் கழுத்துவரை நிரப்பினேன். கிருமிக்கொல்லி, ஸ்டெபிலைசர் இரண்டையும் டப்பாவில் போட்ட அளவுப்படி ஊற்றினேன். ஸ்டெபிலைசர் பூஞ்சையைக் கொல்லாது, கிருமிக்கொல்லி டீசல் கெடுவதைத் தடுக்காது. ஒன்றை ஊற்றி இரண்டும் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பிறகு வண்டியை நன்றாக ஓட்டி, மருந்து கலந்த டீசல் பம்பு, இன்ஜெக்டர்வரை போன பின்பே நிறுத்தினேன். பயோடீசல் கலப்பு ஈரத்தை இழுக்கும், சீக்கிரம் கெடும். கலப்பில்லாத டீசல் கிடைத்தால் அதையே நிரப்புங்கள்.

அந்தச் சூட்டோடு ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன். ஓடிய ஆயிலில் சேர்ந்திருக்கும் அமிலம் மாதக்கணக்கில் பேரிங் மேல் உட்கார்ந்திருக்கக் கூடாது. புது ஆயிலோடு இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்ததோடு சரி. பேட்டரியைக் கழற்றி சார்ஜில் வைப்பது, டயரில் காற்று ஏற்றி ஸ்டாண்டில் தூக்குவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிரேக் விஷயத்தில் மட்டும் கவனம். ஹேண்ட் பிரேக் போட்டே விட்டால் ஷூ துருப்பிடித்து டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். ஏர் பிரேக் வண்டியில் காற்று இறங்கினாலே ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துவிடும். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை போட்ட பிறகே அதன் போல்ட்டை இழுத்து விடுவிக்க வேண்டும். சேம்பரை மட்டும் பிரிக்கவே கூடாது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஆளையே கொன்றுவிடும்.

என் லாரி பழையது, ஆட்புளூவும் (புகையின் நச்சைக் குறைக்க ஊற்றும் யூரியாக் கரைசல்) புகை ஃபில்டரும் கிடையாது. அதனால் அந்த வகை வண்டிகளுக்கு அனுபவத்தில் சொல்ல முடியாது. ஆட்புளூ 25 டிகிரிக்குள் ஒன்றரை ஆண்டு தாங்கும், 35 டிகிரியில் 6 மாதம்தான். ஐடிலில் புகை ஃபில்டரில் கரி சேரும் என்பதால் மாத ஸ்டார்ட் அங்கே இன்னும் மோசம் என்பது என் கணிப்பு.

ஏர் இன்டேக்கையும் சைலன்சர் வாயையும் எலி புகாதபடி வலை கட்டி மூடினேன். மூடியிருப்பதை ஒரு அட்டையில் எழுதி ஸ்டியரிங்கில் தொங்கவிட்டேன்.

14 மாதம் கழித்து அந்த அட்டையைப் பார்த்துத்தான் வலையை அவிழ்த்தேன். செப்பரேட்டரைத் திறந்ததும் சில சொட்டுத் தண்ணீர், பிறகு தெளிந்த டீசல். பேட்டரியை மாட்டி, கைப்பம்பை அடித்து டீசல் லைனில் இருந்த ஏரை வெளியேற்றி, டீசலை நிறுத்தி வைத்தபடியே ஆயில் பிரஷர் வரும்வரை சுற்றவிட்டேன். பிறகு டீசலைத் திறந்ததும் மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. அணைத்துவிட்டு ஆயில் கேப்பைத் திருப்பிப் பார்த்தேன். வெறும் ஆயில், நுரை இல்லை.