அரிப்புக்கு மருந்து கேட்டேன், ஸ்டீராய்டு கொடுத்தார்கள்

பெண்ணுறுப்பில் அரிப்பு என்று மருந்துக்கடைக்குப் போய், அங்கே எடுத்துக் கொடுத்த களிம்பைப் பூசிக்கொண்டிருக்கும் பெண்கள் முதலில் ஒரு வேலை செய்யுங்கள். அந்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கத்துப் பொடி எழுத்துகளைப் படியுங்கள். குளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஏதாவது ஒன்று அதில் இருந்தால், உங்கள் கையில் இருப்பது ஸ்டீராய்டு கலந்த மருந்து. மருத்துவர் பரிசோதித்து எழுதித் தந்ததென்றால் அது வேறு விஷயம். கடைக்காரர் தானாக எடுத்துக் கொடுத்ததென்றால், அடுத்த முறை பூசுவதற்கு முன் ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இதைப் படிக்காமல் விட்டதால் நான் இரண்டரை மாதம் பட்ட பாட்டை எழுதுகிறேன்.

எனக்கு ஆறு வருடமாக நீரிழிவு இருக்கிறது. பல்லில் சீழ் வைத்ததற்காக ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக் மாத்திரை சாப்பிட்டேன். அது முடிந்த நான்காம் நாள் அரிப்பு தொடங்கியது. இரண்டு நாளில் எரிச்சல், சிறுநீர் கழித்தால் தீப்பட்டது போன்ற காந்தல், திரிந்த பால் போல வெள்ளைப்படுதல். இரவில் தூக்கமே இல்லை. நீரிழிவும் ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்தால் பூஞ்சைத் தொற்றுக்கு வழி திறந்துவிட்டது போலத்தான் என்பது இப்போது எனக்குத் தெரியும். ஆன்டிபயாட்டிக் அங்கே இயல்பாக இருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அழித்துவிடுகிறது. அவை அடக்கி வைத்திருந்த கேண்டிடா என்ற பூஞ்சை பெருகுகிறது. அன்று எனக்கு இது எதுவும் தெரியாது. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

கடையில் நான்கைந்து பேர் நின்றார்கள். எல்லோரும் போகட்டும் என்று ஓரமாக நின்று, கடைசியில் “கீழே அரிப்பு, வெள்ளைப்படுதல்” என்று பாதியை விழுங்கிச் சொன்னேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. திரும்பி, கை எட்டிய இடத்திலிருந்து ஒரு குழாயை எடுத்து மேசையில் வைத்தார். “உள்ளேயும் வெளியேயும் காலை மாலை பூசுங்கள் அக்கா, இரண்டே நாளில் போய்விடும்” என்றார். அவர் கேள்வி கேட்காமல் விட்டது அன்று எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்தக் கூச்சத்தோடு நின்றவளுக்கு அது மரியாதை போலவே தெரிந்தது.

இதற்கு முன் இப்படி வந்திருக்கிறதா, கர்ப்பமாக இருக்கிறீர்களா, சர்க்கரை இருக்கிறதா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், காய்ச்சல் அல்லது அடிவயிற்று வலி உண்டா என்று அவர் கேட்டிருக்க வேண்டும். ஐந்து கேள்விகள், ஒரு நிமிட வேலை. சர்க்கரை ஒன்றைக் கேட்டிருந்தால்கூட என் கதை வேறாகப் போயிருக்கும்.

பூசினேன். அன்று இரவுக்குள் அரிப்பு பாதியாகக் குறைந்தது. மறுநாள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பல நாளுக்குப் பிறகு விடியும்வரை தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நம்பித்தான் ஏமாந்தேன். நிறுத்திய ஒரு வாரத்தில் அரிப்பு திரும்பி வந்தது, முன்னைவிட அதிகமாக. மறுபடி போனேன், அதே குழாய். மறுபடி இரண்டு நாள் சுகம், மறுபடி அரிப்பு. மூன்றாவது குழாய் முடியும்போது தோல் சிவந்து, மினுமினுப்பாகி, உள்ளாடை பட்டாலே எரிந்தது. தொடை இடுக்கிலும் பரவியிருந்தது.

அந்தக் குழாயில் இருந்தவை குளோபெட்டசோல், நியோமைசின், மைக்கோனசோல் என்ற மூன்று மருந்துகள். மைக்கோனசோல் பூஞ்சைக்கு எதிரானது. நியோமைசின் பாக்டீரியாவுக்கு எதிரானது. பூஞ்சையை அது ஒன்றும் செய்யாது, சிலருக்கு ஒவ்வாமையை வேறு கிளப்பிவிடும். குளோபெட்டசோல் ஸ்டீராய்டு, பூச்சு ஸ்டீராய்டுகளில் மிகவும் வீரியமான வகையைச் சேர்ந்தது. ஒருநாள் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கி இந்தப் பெயர்களை நான் படித்திருக்கிறேன். மைக்கோனசோல், குளோபெட்டசோல் இரண்டும் ஒரே மாதிரி முடிகின்றனவே, இரண்டும் பூஞ்சை மருந்துதான் போலிருக்கிறது என்று நினைத்து வைத்துவிட்டேன். பெயரின் ஓசையை வைத்து மருந்தின் இனத்தை முடிவு செய்யாதீர்கள். அதே குழாயில் ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்றும் அச்சிட்டிருந்தது. அதைத்தான் அவர் உள்ளே பூசச் சொன்னார்.

ஸ்டீராய்டு எப்படி இவ்வளவு சீக்கிரம் சுகம் தருகிறது என்பதை மருத்துவர் பிறகு விளக்கினார். அரிப்பும் சிவப்பும் வீக்கமும் பூஞ்சையை எதிர்த்து உடல் நடத்தும் போராட்டத்தின் அடையாளங்கள். ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தை அடக்கிவிடுகிறது. அரிப்பு நிற்கிறது, பூஞ்சை தடையில்லாமல் வளர்கிறது. நிறுத்தியதும் உடல் விழித்துக்கொண்டு இன்னும் கடுமையாக எதிர்க்கிறது. நாமோ ‘அந்தக் களிம்பு போட்டால்தான் நிற்கிறது’ என்று மறுபடி வாங்குகிறோம். அந்தப் பகுதியின் தோல் மிக மெல்லியது, எப்போதும் ஈரமும் வெப்பமும் உள்ள இடம். அதனால் ஸ்டீராய்டு அங்கே அதிகமாக உள்ளிறங்குகிறது. வாரக்கணக்கில் பூசினால் தோல் இன்னும் மெலிந்து, வெடித்து, கோடுகள் விழும்.

களிம்போடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. நான்காம் முறை போனபோது “உள்ளுக்கும் மருந்து எடுத்தால்தான் அடியோடு போகும்” என்று ஃபுளுகோனசோல் 150 மில்லிகிராம் மாத்திரை நான்கைக் கொடுத்து, வாரம் ஒன்று போடச் சொன்னார். இந்த மாத்திரை கெட்டதல்ல. சாதாரணப் பூஞ்சைத் தொற்றுக்கு ஒரே ஒரு 150 மில்லிகிராம் மாத்திரை போதும் என்பது உலகம் முழுக்க உள்ள வழக்கமான சிகிச்சை. அடிக்கடி திரும்பி வரும் தொற்றுக்கு வாரம் ஒன்று என்று ஆறு மாதம்வரைகூட மருத்துவர்கள் கொடுப்பதுண்டு, ஆனால் பரிசோதித்து உறுதி செய்த பிறகு. நான் சர்க்கரைக்காகத் தினமும் கிளிமிபிரைடு சாப்பிடுகிறேன். கிளிமிபிரைடைச் சிதைத்து வெளியேற்றும் ஈரல் நொதியின் வேகத்தை ஃபுளுகோனசோல் குறைத்துவிடும். சர்க்கரை மாத்திரையின் வேலை அளவு மீறும்.

இரண்டாவது மாத்திரை போட்ட மறுநாள் விடியற்காலை, உடம்பெல்லாம் வியர்த்து எழுந்தேன். கை நடுங்கியது. விரலில் குத்தி இரத்தத்தைச் சர்க்கரை பார்க்கும் பட்டையில் வைக்க மூன்று முறை முயன்றேன். சர்க்கரை 54 காட்டியது. மகளை எழுப்பக் குரல் வரவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சர்க்கரையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். ஃபுளுகோனசோல்தான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றாலும் அதற்கான வாய்ப்பு அதிகம் என்றார் மருத்துவர். அந்த மாத்திரை உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகும். ஒரு மாத்திரை என்றாலும் அது பல நாள் வேலை செய்துகொண்டிருக்கும்.

வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஃபுளுகோனசோல் அதன் வீரியத்தைக் கூட்டி இரத்தக் கசிவை உண்டாக்கும். மைக்கோனசோலை மாத்திரையாக விழுங்காமல் பெண்ணுறுப்பின் உள்ளே வைத்தால்கூட இந்த ஆபத்து உண்டு. ‘வெறும் களிம்புதானே’ என்று நினைக்க வேண்டாம். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கொழுப்புக்கான சில மாத்திரைகள், இதயத் துடிப்பைப் பாதிக்கும் சில மருந்துகள் எடுப்பவர்களும் முதலில் சொல்லிவிட வேண்டும்.

கர்ப்பிணிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கர்ப்ப காலத்தில் இந்தத் தொற்று சாதாரணமாக வருவதுதான். அப்போது வாய்வழி ஃபுளுகோனசோல் வேண்டாம் என்றுதான் மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. முதல் மூன்று மாதத்தில் அதிக அளவில் நீண்ட நாள் எடுத்துக்கொண்டால் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2011-இல் எச்சரித்தது. உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் போன்ற மருந்தை ஏழு நாள் பயன்படுத்துவதே வழக்கம், அதுவும் உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு.

சர்க்கரை இறங்கிய அந்த விடியற்காலைக்குப் பிறகுதான் மகப்பேறு மருத்துவரிடம் போனேன். மூன்று காலிக் குழாய்களையும் ஒரு பையில் எடுத்துப் போயிருந்தேன். அவர் அவற்றை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, “இத்தனை நாளில் உங்களை ஒருவர்கூடப் பரிசோதிக்கவில்லையா அம்மா?” என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பரிசோதனை ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பஞ்சுக் குச்சியில் எடுத்த கசிவை ஒரு சிறு காகிதப் பட்டையில் தொட்டு நிறத்தை எனக்கும் காட்டினார். அமிலத்தன்மையைக் காட்டும் pH எண் 4.5-ஐத் தாண்டினால் பெரும்பாலும் பாக்டீரியா அல்லது வேறு தொற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டுமாம். பூஞ்சையில் அது பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். எனக்கு அதற்குக் கீழேதான் இருந்தது. இன்னொரு குச்சியை, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வந்தபோது, வழக்கமாக வரும் கேண்டிடா அல்பிகன்ஸ் இல்லை, கேண்டிடா கிளாப்ராட்டா என்று இருந்தது. நீரிழிவு உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படும் வகை. ஃபுளுகோனசோலுக்கு எளிதில் அடங்காது. ஆக, என் சர்க்கரையைத் தரைக்கு இறக்கிய அந்த மாத்திரைகள் என் தொற்றுக்குப் பயன்படவே இல்லை. போரிக் அமிலம் 600 மில்லிகிராம் கேப்சூலை இரவு தோறும் பெண்ணுறுப்பின் உள்ளே வைக்கச் சொல்லி 14 நாளுக்கு எழுதினார். ‘வாயில் போடக் கூடாது’ என்று சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி இரண்டு கோடு இழுத்தார். விழுங்கினால் அது உயிரையே பறிக்கக்கூடிய நஞ்சு. கர்ப்பிணிகளும் பயன்படுத்தக் கூடாது. இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாகப் போரிக் அமிலம் வாங்கிவிடாதீர்கள், எனக்குப் பொருந்தியது என் சோதனை முடிவுக்குத்தான். தொற்று அடங்கியது. ஸ்டீராய்டால் மெலிந்த தோலின் எரிச்சல் அடங்கத்தான் அதற்குப் பிறகும் பல வாரங்கள் ஆயின.

நமக்கு நாமே ‘இது பூஞ்சைதான்’ என்று முடிவு செய்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2002-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கடையில் தாங்களே பூஞ்சை மருந்து வாங்கிய 95 பெண்களைப் பரிசோதித்தார்கள். மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் பூஞ்சைத் தொற்று மட்டும் இருந்தது. மற்றவர்களில் பலருக்கு பாக்டீரியாத் தொற்றோ கலப்புத் தொற்றோ இருந்தது. சிலருக்குத் தொற்றே இல்லை. அதனால் முதல் முறையாக இந்த அரிப்பு வருகிறவர்கள், கர்ப்பிணிகள், நீரிழிவு உள்ளவர்கள், துர்நாற்றமோ புண்ணோ காய்ச்சலோ அடிவயிற்று வலியோ உள்ளவர்கள் கடையை நம்பாமல் மருத்துவரிடமே போங்கள். வருடத்தில் மூன்று முறை வந்துவிட்டால் வளர்ப்புச் சோதனை கேளுங்கள்.

முன்பு மருத்துவர் உறுதி செய்த அதே தொற்று, அதே அறிகுறிகளோடு எப்போதாவது வருகிறவர்கள் கடையில் வாங்கலாம். ஒரே மருந்து மட்டும் உள்ளதாக, பெண்ணுறுப்பின் உள்ளே வைப்பதற்கென்றே செய்ததாகக் கேட்டு வாங்குங்கள். குளோட்ரிமசோல் 500 மில்லிகிராம் ஒரே இரவுக்கானதாகவும், 100 மில்லிகிராம் ஆறேழு இரவுகளுக்கானதாகவும் கிடைக்கிறது. படுக்கப் போகும்போது வைத்தால் வெளியே வழிவது குறையும். அரிப்பு நின்றது என்று பாதியில் விடாதீர்கள். நடுவில் மாதவிலக்கு வந்தாலும் தொடரலாம், ஆனால் அந்த நாள்களில் டாம்பான் வேண்டாம், மருந்தை அது உறிஞ்சிவிடும். இந்தக் களிம்புகளும் உள்ளே வைக்கும் மாத்திரைகளும் ஆணுறையின் ரப்பரை நலிவடையச் செய்யக்கூடும் என்பதைப் பலர் சொல்வதே இல்லை. ஒரு வாரத்தில் குணமாகவில்லை என்றால் இரண்டாவது பெட்டி வாங்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். வாசனைத் திரவம் ஊற்றி உள்ளே கழுவுவதும் வேண்டாம், என் கடைக்காரர் அதையும் எடுத்து நீட்டினார்.

குணமான பிறகு குழாய்களோடு அந்தக் கடைக்குப் போனேன். இந்த முறை கூட்டம் இருக்கும்போதே, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன். “எல்லோருக்கும் இதைத்தான் கொடுக்கிறோம் அக்கா, இதுவரை யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை” என்றார். எப்படிச் சொல்வார்கள்? வாங்கும்போதே குரலைத் தாழ்த்தி வாங்கியவர்கள், இடுப்புக்குக் கீழே தோல் உரிந்து கிடக்கிறது என்று கடை வாசலில் நின்று சொல்வார்களா? இதைத்தான் அவரிடமும் கேட்டேன். பதில் இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பெண் தன் கையிலிருந்த சிறு பொட்டலத்தைப் பிரித்து, குழாயைத் திருப்பி எழுத்துகளைப் பார்க்கத் தொடங்கினாள்.

மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். குழாய்களின் படம், மருத்துவரின் சீட்டு, சோதனை முடிவு எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். இரண்டாவது முறை வாங்கியதற்கு மட்டும் ரசீது இருந்தது, மற்றவற்றுக்கு நான் கேட்டு வாங்கவில்லை. நீங்கள் கேட்டு வாங்கி வையுங்கள்.