வெல்டிங் சிலிண்டருக்கு ஸ்ட்ரெஸ் ரிலீவிங்: ஃபர்னஸை நம்பலாம், போரிங் வேண்டாம்

வெல்டு செய்த உருப்படியைச் சூடாக்கி, மெதுவாக ஆறவிட்டு, உள்ளே தங்கிய இழுவையைப் போக்குவதுதான் ஸ்ட்ரெஸ் ரிலீவிங். கோவை கணபதிப் பகுதியில் ஜாப் ஒர்க் எடுக்கும் ஒரு ஹீட் ட்ரீட்மெண்ட் கூடத்தின் வேலையைப் பற்றியது இந்த மதிப்பீடு. கொடுத்த வேலை, 7¼ அங்குலப் பாதையில் ஓடும் மாடல் நீராவி எஞ்சினுக்கான இரண்டு சிலிண்டர் பிளாக்குகள். வார்ப்பு இல்லை. இரண்டே உருப்படிக்காக பேட்டர்ன் (வார்ப்பு அச்சுக்கான மாதிரி) செய்வது கட்டுப்படியாகாது என்பதால் எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிளேட்டும் தடித்த குழாயும் வைத்து வெல்டு செய்தவை. உள்ளே 60 மி.மீ. போர் (உள்துளை) கொண்ட காஸ்ட் அயர்ன் லைனர், அதாவது பிஸ்டன் ஓடும் உள்குழாய், இறங்கும்.

இப்படிப்பட்ட பிளாக்கை வெல்டு செய்தவுடன் போர் செய்தால் அன்றைக்கு அளவு சரியாக இருக்கும். வெல்டு இழுத்துப் பிடித்திருக்கும் உலோகத்தைச் சீவச் சீவ உள்ளிழுவை இடம் மாறி, வட்டம் முட்டையாகும். வால்வு சறுக்கும் தளமான வால்வு ஃபேஸும் வளையும். அதனால் போரில் பக்கத்துக்கு 2 மி.மீ. விட்டு ரஃப் செய்து, வெல்டு முடித்து, ஃபர்னஸுக்கு அனுப்பி, பிறகுதான் ஃபினிஷ்.

ஃபர்னஸ் வேலைக்கு முழு மதிப்பெண். 620 டிகிரி செல்சியஸில் பிடித்தார்கள். 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு. பிளாக்கில் கனமும் மெல்லிசும் கலந்திருப்பதால் இரண்டு மணி நேரம் வைத்தார்கள். சரியான முடிவு. 300 டிகிரி வரை கதவைத் திறக்காமல் ஃபர்னஸுக்குள்ளேயே ஆறவிட்டதுதான் இதைவிட முக்கியம். சூடாக வெளியே எடுத்திருந்தால் மெல்லிய சுவர் முதலில் ஆறி, போக்கிய இழுவையைத் திரும்பக் கொண்டுவந்திருக்கும். வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிளை ஃபர்னஸ் காற்றில் தொங்கவிடாமல் பிளாக்கைத் தொடும்படி வைத்ததும், அது பதிந்த வெப்பச் சார்ட்டைப் பில்லோடு கொடுத்ததும் எல்லா இடத்திலும் கிடைக்காத ஒழுங்கு.

உள்ளே வாங்கும்போதே நீராவிப் பாதைகளைப் பார்த்து, மூடிய அறை ஏதும் உண்டா என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்காகவே இவர்களைச் சிபாரிசு செய்யலாம். இரண்டு பிளேட்டுக்கு நடுவே காற்று அடைபட்டிருந்தால் 620 டிகிரியில் அதன் அழுத்தம் சுமார் மூன்று மடங்காகும். சீவும்போது ஊற்றும் கூலண்ட் ஒரு சொட்டு தங்கியிருந்தால் வெடிக்கவே செய்யும். ஒவ்வோர் அறைக்கும் 3 மி.மீ. துளை ஒன்று போட்டுக் கொடுங்கள். பின்னால் தட்டி பிளக் அடித்துக்கொள்ளலாம்.

எஃகுக் குண்டுகளை வீசி மேற்பரப்பைச் சுத்தம் செய்யும் ஷாட் பிளாஸ்டிங் இலவசம் என்கிறார்கள். வெளிப்புறத்துக்கு நல்லதுதான். ஆனால் போர்ட் வாய்களை அடைக்காமல் அடித்ததில் எஃகுக் குண்டுகள் எக்ஸாஸ்ட் பாதையின் வளைவில் தங்கிவிட்டன. ஒன்று வால்வுக்கு வந்தாலே ஃபேஸில் கோடு விழும். மர ஆப்போ ரப்பர் கார்க்கோ கையோடு கொண்டுபோய், உங்கள் எதிரிலேயே அடைக்கச் சொல்லுங்கள். வேலை வந்த பிறகு காந்தக் குச்சியால் துழாவி, மண்ணெண்ணெய் ஊற்றி அலசுவது கட்டாயம்.

அதே வளாகத்தில் போரிங்கும் செய்து தருகிறார்கள். அதைத் தவிர்க்கலாம். லைனர் உட்கார வேண்டிய 70 மி.மீ. துளை, 130 மி.மீ. நீளத்தில் 0.06 மி.மீ. டேப்பராக (ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல்) வந்தது. காரணம் தெளிவு: ஹரிசாண்டல் போரிங் மெஷினில் டேபிளை நகர்த்தாமல் ஸ்பிண்டிலை நீட்டி ஃபீட் கொடுத்திருக்கிறார்கள். நீள நீள, டூலைத் தாங்கும் பார் (கம்பி) வளையும். லைனருக்கு வைக்கும் பிடிப்பே (துளையைவிட லைனர் பெரிதாக இருக்கும் அளவு) 0.04 மி.மீ.தான், இந்த டேப்பரில் ஒரு முனை இறுகும், மறுமுனை லொடலொடக்கும். சாதாரண லேத்தில் பிளாக்கை சேடிலில் (நகரும் மேடையில்) கட்டி, பாரை இரண்டு சென்டருக்கு நடுவே சுழற்றினாலே இதைவிட நேராக வரும். டூல் பாரில் ஒரே இடத்தில் நிற்பதால் எவ்வளவு வளைகிறதோ அது கடைசிவரை மாறாது.

0.04 பிடிப்பு கூடுதலாகத் தோன்றும், ஆனால் வேண்டும். 7 பார் அழுத்தத்தில் நீராவி ஏறக்குறைய 170 டிகிரி. எஃகு காஸ்ட் அயர்னைவிடச் சற்று அதிகம் விரிவதால், ஓடும்போது பிடிப்பில் 0.01 மி.மீ.க்குமேல் கரைந்துபோகும். பிளாக்கை 200 டிகிரிக்குச் சூடாக்கினால் துளை 0.15 மி.மீ. விரியும், லைனர் கையாலேயே இறங்கும். இறங்கும்போது தயங்கினால் நடுவழியில் பிடித்துக்கொள்ளும். லைனரின் உள்போர் ஃபினிஷ் அதற்குப் பிறகே. முன்பே முடித்தால் பிடிப்பில் சுருங்கிவிடும்.

லைனர் போடுமுன் 14 பாரில் தண்ணீர் டெஸ்ட் செய்யுங்கள், அதுவும் ஃபர்னஸில் படியும் ஸ்கேலைச் (ஆக்சைடு ஏட்டை) சுரண்டிய பிறகு. வெல்டில் உள்ள ஊசித்துளையை ஸ்கேல் தற்காலிகமாக அடைத்து ஏமாற்றும். ஸ்டீம் செஸ்டுக்கும் (நீராவி வந்து சேரும் அறை) எக்ஸாஸ்டுக்கும் இடையிலான சுவரைத் தனியே சோதிக்க வேண்டும். அங்கே கசிந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது, எஞ்சின் மட்டும் இழுக்காது.

ஈ.என்.1ஏ போன்ற ஃப்ரீ கட்டிங் (எளிதில் சீவ வரும்) கம்பியில் ஃபிளாஞ்ச் செய்து வெல்டு பண்ணியிருந்தால் இந்த ஃபர்னஸும் காப்பாற்றாது. அதிலுள்ள கந்தகத்தால் வெல்டு ஆறும்போதே விரிசல் விழுந்திருக்கும்.

கட்டணம் கிலோ கணக்கு, குறைந்தபட்ச எடையும் உண்டு. சிலிண்டர் மட்டும் அனுப்பினால் அந்த எடைக்கு எட்டாது. வெல்டு செய்த போகி ஃபிரேம் (சக்கரத் தொகுதியின் சட்டம்), ஸ்ட்ரெட்சர் (ஃபிரேம்களை இணைக்கும் குறுக்குச் சட்டம்) எல்லாம் சேர்த்து ஒரே லோடாகக் கொடுங்கள், அவற்றுக்கும் இதே 620தான்.